‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா? ஒரு சொல்லின் பல பொருள்களைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தரம் 3இல் ‘ரன்’ என்றால் ஓடு என்று படித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாரும் திரும்பச் சொல்லித் தருவதில்லை. சாதாரண தர வகுப்புக்கு வரும்போது அதே சொல் கடையோடு வருகிறது, காய்ச்சலோடு வருகிறது, தேர்தலோடு வருகிறது, தண்ணீர்க் குழாயோடும் வருகிறது. ‘ஹேர் மதர் ரன்ஸ் எ ஷொப்’ என்ற வரியைப் பார்த்ததும் கெட்டிக்காரப் பிள்ளை கூட ‘அவளுடைய அம்மா கடை நடத்துகிறார்’ என்பதற்குப் பதிலாக ‘அவளுடைய அம்மா கடைக்கு ஓடுகிறார்’ என்று எழுதிவிடும். தெரியாத சொல் என்றால் அகராதியைப் பார்த்திருக்கும். தெரிந்த சொல் என்ற நினைப்பால் பார்க்கவில்லை. மாலை வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகள் வாசிப்பில் வழுக்கி விழுவது பெரும்பாலும் இப்படியான சின்னச் சொற்களில்தான்.

‘ரன்’ எவ்வளவு பெரிய சொல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு. 430க்கு மேற்பட்ட பொருள்கள். அந்த அகராதியை மறுபடி திருத்தி எழுதிக்கொண்டு போனபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் என்று 2011இல் செய்தி வந்தது. பீற்றர் கிலிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் இருந்தார்.

645ஐயும் பாடமாக்கத் தேவையில்லை. பாடமாக்க முயன்றால் ஒன்றும் மிஞ்சாது. தமிழ் பேசி வளர்ந்த நமக்கு இந்தச் சொல்லில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம்முடைய ‘ஓடு’வும் ஏறக்குறைய இதே வேலைகளைச் செய்கிறது. அந்த இரண்டும் எங்கே சேர்ந்து போகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்த்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளையும், வேலைக்காக ஆங்கிலம் படிக்கிற பெரியவர்களையும் மனதில் வைத்து இந்தப் படிகளை எழுதுகிறேன். உதாரணங்களும் நம் ஊரிலிருந்தே வரும்.

முதற்படி: நம்முடைய ‘ஓடு’வை எழுதிப் பாருங்கள்

அகராதியை மூடி வையுங்கள். ஒரு தாளில் ‘ஓடு’ என்று எழுதி, வீட்டிலும் சந்தையிலும் பஸ்ஸிலும் காதில் விழுகிற ஓட்டங்களை எல்லாம் கீழே சேருங்கள். பெடியன் ஓடுகிறான். ஆறு ஓடுகிறது. பஸ் ஓடுகிறது. தையல் மெஷின் ஓடுகிறது. படம் ஐம்பது நாள் ஓடியது. சுவரில் வெடிப்பு ஓடியிருக்கிறது. பலாமரத்து வேர் கிணற்றடி வரைக்கும் ஓடியிருக்கிறது. மனதில் ஒரு யோசனை ஓடியது. வயிறு கலங்கினால் வயிற்றோட்டம். புதுத் தேரை முதன்முதலில் இழுத்துப் பார்த்தால் வெள்ளோட்டம். முன்னே போய் வழிகாட்டியவர் முன்னோடி.

இப்போது பாருங்கள். இதில் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போடலாம். படம் ஐம்பது நாள் ‘ரேன்’. வெடிப்பு சுவரில் ‘ரன்ஸ் டவுன்’. வேர் ஆழமாக ‘ரன்ஸ் டீப்’. யோசனை மனதில் ‘ரேன் த்ரூ’. வயிற்றோட்டத்துக்குப் பேச்சு ஆங்கிலத்தில் ‘த ரன்ஸ்’ என்றே பெயர். வெள்ளோட்டம் ‘ட்ரயல் ரன்’. முன்னோடி ‘ஃபோரன்னர்’.  இரண்டு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. பிள்ளைகளிடம் இந்தப் பட்டியலைக் காட்டும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 645 என்ற எண் அதற்குப் பிறகு பயம் காட்டுவதில்லை.

இந்தப் பொருள்கள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் ஓடுவதும் மனிதன் ஓடுவதும் இந்தச் சொல்லில் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து இருக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் அது ‘ரின்னன்’. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ‘ரின்னன்’ என்றால் நீர் வழிந்து ஓடுதல், ‘ரென்னன்’ என்றால் காலால் ஓடுதல். ஆகவே மனதில் பதிக்க வேண்டிய நடுப்பொருள் இதுதான்: ஒரு வழியே, நிற்காமல், தொடர்ந்து போவது. காலும் வேகமும் அதில் ஒரு பகுதி மட்டுமே.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துக்கொள்ளுங்கள். கூரையில் போடுகிற ஓடு இந்த ஓடு அல்ல. ஒலி ஒன்றாக இருக்கிறது, சொல் வேறு. ஆங்கிலத்தில் வௌவாலுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் ‘பேட்’ என்று ஒரே பெயர் இருப்பது இந்த மாதிரிதான். அப்படிப்பட்டதைத் தனித்தனியாகத்தான் பாடமாக்க வேண்டும். ‘ரன்’ அப்படி இல்லை. ஒரே வேரிலிருந்து கிளை விட்ட சொல் என்பதால் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வழி இருக்கும்.

இரண்டாம் படி: எது ஓடுகிறது என்று கேளுங்கள்

வாக்கியத்தில் ‘ரன்’ வந்ததும் அதற்கு முன்னால் நிற்கிற எழுவாயைப் பாருங்கள். அதுவே பொருளில் பாதியைச் சொல்லிவிடும்.

தண்ணீர் என்றால் வழிதல், பாய்தல். பட்டிப்பளை ஆறு மலைநாட்டிலிருந்து கிழக்கே ஓடிக் கடலில் விழுகிறது. ‘த ரிவர் ரன்ஸ் ஈஸ்ட்’. மூக்குக்கும் இதுதான், ‘ஹேர் நோஸ் இஸ் ரன்னிங்’ என்றால் சளி வழிகிறது. குழாய் திறந்து கிடந்தால் ‘த டெப் இஸ் ரன்னிங்’. வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘ரன்னிங் வோட்டர்’ என்று இருந்தால் பக்கத்தில் ஆறு ஓடுகிறது என்று அர்த்தமில்லை, குழாய்நீர் வசதி இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சாயம். மருதமுனைச் சாரம் ஒன்றை முதல்முறை நனைக்கும்போது வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். சாயம் போகும் என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ‘த கலர் வில் ரன்’ என்பார்கள். சாயம் தண்ணீரோடு தண்ணீராக வழிந்து போகிறது, அவ்வளவுதான்.

இயந்திரம் என்றால் இயங்குதல். நீர்ப்பம்பி, ஜெனரேற்றர், கணினி, தொலைபேசிச் செயலி எல்லாம் ‘ரன்’ பண்ணும். எதில் இயங்குகிறது என்று சொல்ல ‘ஒன்’ சேர்ப்பார்கள். ‘இட் ரன்ஸ் ஒன் டீசல்’. பழைய மோட்டார் சைக்கிள் விற்கிற விளம்பரத்தில் ‘ரன்னிங் கண்டிஷன்’ என்று போடுவது, ஓடுகிற நிலையில் இருக்கிறது என்பதற்காக.

பஸ், ரயில் என்றால் சேவை நடத்தல். உதயதேவி கொழும்புக் கோட்டைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடுகிறது என்று நாம் சொல்வதை அப்படியே ‘ரன்ஸ் பிட்வீன்’ என்று எழுதலாம். ரயில் அந்த நேரம் தண்டவாளத்தில் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை. நிலையத்தில் நின்றாலும் அந்தச் சேவை ‘ரன்ஸ்’.

அடுத்ததில் கொஞ்சம் நில்லுங்கள், பிள்ளைகள் அதிகம் மாட்டுப்படுகிற இடம் இது. வீதி, மதில், கம்பி, கால்வாய், கரை போன்ற நீளமான பொருள்கள். ஏ4 நெடுஞ்சாலை கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில், கல்முனை வழியாக மட்டக்களப்பில் முடிகிறது. மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் அது பெரும்பாலும் ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாகப் போகும். இதை ‘த றோட் ரன்ஸ் பிட்வீன் த லகூன் அண்ட் த ஸீ’ என்று எழுத வேண்டும். வீதி அசையவில்லை. ஆனால் நம் கண் அதன் வழியே போகிறது. தமிழிலும் ‘இந்த வீதி எங்க போகுது?’ என்றுதானே கேட்கிறோம். லியோனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் இதைக் கற்பனை அசைவு என்று பெயரிட்டு ஆராய்ந்திருக்கிறார். பரீட்சைக்கு வேண்டியது ஒன்று: இந்தப் பொருளில் சாதாரண நிகழ்காலம்தான் வரும். ‘இஸ் ரன்னிங்’ என்று வீதிக்குப் போடுவது வழக்கமில்லை.

காலம், ஒப்பந்தம், விழா என்றால் நீடித்தல். மாமாங்கேஸ்வரர் ஆலய மகோற்சவம் ஆடி அமாவாசைத் தீர்த்தம் வரைக்கும் நடக்கும். ‘த ஃபெஸ்டிவல் ரன்ஸ் அன்டில்’ என்று தொடங்குங்கள். கடைக்கூலி உடன்படிக்கை இரண்டு வருடத்துக்கு ‘ரன்ஸ்’. நோயும் குணமும் எழுவாயாக வந்து பின்னால் ‘இன் த ஃபேமிலி’ என்று இருந்தால் பரம்பரையில் வருவது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மாமாருக்கு இந்த ஒன்றையாவது சொல்லிக்கொடுங்கள். ‘டஸ் டயபிட்டீஸ் ரன் இன் த ஃபேமிலி?’ என்று டொக்டர் கேட்டால், குடும்பத்தில் யாருக்கும் சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

மூன்றாம் படி: ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா?

தமிழ் இங்கே மிக அழகாக வேலை செய்கிறது. தானாகப் போனால் ஓடு. இன்னொருவர் போக வைத்தால் ஓட்டு. ஆங்கிலத்துக்கு அந்த ‘ட்டு’ கிடையாது. இரண்டுக்கும் ‘ரன்’ தான். அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? ‘ரன்’னுக்குப் பின்னால் முன்னிடைச்சொல் (‘டு’, ‘இன்’ போன்றவை) எதுவும் இல்லாமல் நேரே ஒரு பெயர்ச்சொல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெரும்பாலும் அது ‘ஓட்டு’.

‘ஷீ ரன்ஸ் டு த ஷொப்’ என்றால் கடைக்கு ஓடுகிறாள். ‘ஷீ ரன்ஸ் எ ஷொப்’ என்றால் கடை நடத்துகிறாள். பொருளை மாற்றியது இடையில் இருந்த ‘டு’தான். கடையை ஓட வைப்பவள் அவள் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. பாடசாலை, தொண்டு நிறுவனம், தையல் வகுப்பு, நாடு எல்லாவற்றையும் இப்படி ‘ரன்’ பண்ணலாம். வேலை விளம்பரங்களிலும் செய்திகளிலும் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகிற பொருள் இதுதான். ஆகவே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இதே வழியில் இன்னும் சில: கணினியில் ஒரு செயலியை இயக்குவது, ஆய்வுகூடத்தில் பரிசோதனை செய்வது, பத்திரிகை ஒரு செய்தியை வெளியிடுவது, குளிக்கத் தண்ணீர் திறந்துவிடுவது, ஒரு துணிவான காரியத்தில் ஆபத்தைத் தலையில் ஏற்பது. எல்லாவற்றுக்கும் ‘ரன்’ போட்டு நேரே பெயர்ச்சொல். காய்ச்சலும் இதில் சேர்கிறது. ‘ஹீ இஸ் ரன்னிங் எ ஃபீவர்’ என்றால் அவனுக்குக் காய்ச்சல் காய்கிறது. இங்கே அவன் எதையும் நடத்தவில்லை, எனவே இதைத் தனியாகப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

பின்னால் ஆள் வந்தாலும் பயப்பட வேண்டாம். ‘ஐ வில் ரன் யூ டு த ஸ்டேஷன்’ என்று ஒருவர் சொன்னால், உங்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அன்பாகச் சொல்கிறார். ஆனால் தினமும் பஸ் ஓட்டுகிற சாரதி ‘ரன்’ பண்ணுவதில்லை, ‘ட்ரைவ்’ பண்ணுகிறார். பஸ்ஸை ‘ரன்’ பண்ணுவது, அதாவது சேவையாக நடத்துவது, பஸ்ஸின் முதலாளியோ போக்குவரத்துச் சபையோதான். ‘ஓட்டு’ தமிழில் இரண்டுக்கும் வருவதால் இந்த இடத்தில் கவனம் வேண்டும்.

நான்காம் படி: பின்னால் ஒட்டுகிற சின்னச் சொல்

‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’, ‘அப்’ போன்றவை ‘ரன்’னோடு சேர்ந்தால் புதுப்பொருள் பிறக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒரு கிழமைக்கு ஒன்று போதும். ‘அவுட்’டில் தொடங்குங்கள், அதுதான் அதிகம் பயன்படும்.

‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோதல். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. இலக்கணத்தை மட்டும் பாருங்கள். பொருள் எழுவாயாக வந்தால் ‘த பெற்றோல் ரேன் அவுட்’ என்று அதோடு முடியும். ஆள் எழுவாயாக வந்தால் ‘ஒஃப்’ கட்டாயம். ‘வீ ரேன் அவுட் ஒஃப் பெற்றோல்’. ‘வீ ரேன் அவுட் பெற்றோல்’ என்று எழுதினால் புள்ளி போய்விடும். கிரிக்கெட்டில் இதே இரண்டு சொல்லும் வேறு உருவத்தில் வரும். ‘ஹீ வோஸ் ரன் அவுட்’ என்றால் ஆட்டமிழக்கச் செய்யப்பட்டான், செயப்பாட்டுவினை. ‘ஹீ ரேன் அவுட்’ என்று மட்டும் சொன்னால் வெளியே ஓடினான். ‘வோஸ்’ இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பிரியுங்கள்.

‘ரன் இன்டு’வுக்கு நான்கு வழி. பட்டிப்பளை ஆறு கடலுக்குள் பாய்வது ஒன்று. ஓட்டோ மதிலில் மோதுவது இன்னொன்று. காத்தான்குடிக் கடைத்தெருவில் பழைய ஆசிரியரை எதிர்பாராமல் சந்திப்பது மூன்றாவது. வீடு கட்டுகிற செலவு இலட்சக்கணக்கில் போவது நான்காவது. ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்பதை வாசித்துவிட்டு, ஆசிரியரை மோதிவிட்டான் என்று எழுதினால் கதையே மாறிவிடும். வாக்கியத்தில் வாகனம் இருக்கிறதா, காயம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் சந்திப்பு.

‘ரன் ஓவர்’ வாகனம் ஏறிப்போவதற்கும், பாத்திரம் நிரம்பி வழிவதற்கும், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டுவதற்கும் வரும். பொங்கல் பானை பொங்கி வழிவதற்கு ‘போயில் ஓவர்’ இன்னும் பொருத்தம். ‘ரன் டவுன்’ பற்றரி இறங்குவது, ஒருவரைத் தாழ்த்திப் பேசுவது, கவனிப்பாரற்றுப் பழுதடைந்த கட்டடம். ‘ரன் அப்’ கடன் ஏற்றுவது. சந்திக் கடைக் கொப்பியில் மாதக் கணக்கு ஏறிக்கொண்டு போகிறதே, அதுதான் ‘ரன்னிங் அப் எ பில்’. கொடி ஏற்றுவதற்கும் இதுவே. பந்துவீச்சாளர் ஓடி வருவதும் ‘ரன்-அப்’.

‘ரன் த்ரூ’ ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை செய்து பார்ப்பது. வடமோடியோ தென்மோடியோ, அரங்கேற்றத்துக்கு முன்னால் கூத்து முழுவதையும் அண்ணாவியார் ஒருமுறை ஆட வைத்துப் பார்ப்பாரே, அதை ‘ரன்-த்ரூ’ என்று சொல்லலாம். ‘ரன் அவே’ ஓடிப்போவது. தமிழில் ஓடிப்போதல் என்றால் வருகிற காதல் அர்த்தம் ஆங்கிலத்திலும் வரும், ஆனால் சொல்லளவில் தப்பி ஓடுவது மட்டும்தான்.

‘ரன் ஃபோர்’ தேர்தலில் நிற்பது. இது அமெரிக்க வழக்கு. பிரித்தானியர் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள், நம்மைப் போலவே நிற்பார்கள். இலங்கை ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘கொன்டெஸ்ட்’ என்பதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மூன்றும் ஒன்றே என்று தெரிந்தால் போதும். ‘ரன்-ஓஃப்’ என்றால் மழைத்தண்ணீர் நிலத்தில் சுவறாமல் வழிந்தோடுவது. வயல்காரருக்குத் தெரிந்த விஷயம். தேர்தலில் முதற்சுற்றில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முன்னணியில் இருப்பவர்களுக்கு இடையே நடக்கும் அடுத்த சுற்றுக்கும் அதே பெயர். 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டபோது வெளிநாட்டுச் செய்திகளை வாசித்தவர்களுக்கு இந்தச் சொல் உதவியிருக்கும்.

ஐந்தாம் படி: ‘ரன்’னும் குணச்சொல்லும்

இது சின்னப் படி. ‘ரன் ட்ரை’, ‘ரன் லோ’, ‘ரன் ஷோர்ட்’, ‘ரன் லேட்’. இங்கே ‘ரன்’ என்றால் அந்த நிலைக்கு வருவது. கிணறு வற்றுவது, கையிருப்பு குறைவது, போதாமல் போவது, நேரம் பிந்துவது. ‘அவுட்’ என்றால் முற்றாகத் தீர்ந்தது, ‘லோ’ என்றால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மருந்துக் குளிசையைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் முக்கியமாகும்.

ஆறாம் படி: பெயர்ச்சொல்லாக ‘ரன்’

கிரிக்கெட்டை விட்டு இதைப் பேச முடியாது. 1997இல் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் எடுத்தது. சனத் ஜயசூரிய 340. இந்த ஓட்டங்களில் எல்லாமே ஓடி எடுத்தவை இல்லை. எல்லைக் கோட்டைத் தாண்டிய பந்துக்கு நான்கு அல்லது ஆறு, யாரும் ஓடத் தேவையில்லை. ஆனாலும் அவை ‘ரன்ஸ்’. ஒரு செயலின் பெயர் எப்படி ஓர் அளவின் பெயராக மாறியது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நம் வானொலி வருணனையாளர்களும் பத்திரிகைகளும் ‘ஓட்டம்’ என்று எழுதியபோது அந்த மாற்றமும் சேர்ந்து தமிழுக்கு வந்துவிட்டது.

மற்றவை: கோழி உலாவ அடைத்துவைத்த வெளி ‘சிக்கன் ரன்’. அச்சகத்தில் ஒரே தடவையில் அடிக்கும் பிரதிகள் ‘பிரிண்ட் ரன்’. மீன்கள் முட்டையிடக் கூட்டமாக ஆற்றில் ஏறுவது ‘ஃபிஷ் ரன்’. வைப்புப் பணத்தை எடுக்க எல்லோரும் ஒரேயடியாக வங்கிக்குப் போவது ‘பேங்க் ரன்’. அமெரிக்காவில் சிலிக்கன் வேலி வங்கிக்கு 2023 மார்ச்சில் நடந்தது அதுதான். தலைமறைவாக இருப்பவன் ‘ஒன் த ரன்’. நீண்ட கால நோக்கில் என்பதற்கு ‘இன் த லோங் ரன்’. இந்தக் கடைசி இரண்டையும் கட்டுரையில் பயன்படுத்திப் பழகுங்கள், எளிதாகப் பொருந்தும்.

ஏழாம் படி: ‘ஓடு’ வரும், ‘ரன்’ வராது

இதுவரை ‘ஓடு’ நமக்கு உதவியது. இனி அது இழுத்துக்கொண்டு போய் விழுத்துகிற இடங்கள். இவற்றை ஒரு பக்கத்தில் தனியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

‘வாழ்க்கை எப்படி ஓடுது?’ என்பதற்கு ‘ஹவ் இஸ் லைஃப் கோயிங்’. ‘வியாபாரம் நல்லா ஓடுது’ என்பதற்கும் ‘கோயிங் வெல்’ அல்லது ‘டூயிங் வெல்’. ‘ரீவியில என்ன ஓடுது?’ என்றால் ‘வொட்ஸ் ஒன் ரீவி’. ‘எனக்கு ஒண்டும் ஓடல்ல’ என்று பரீட்சை மண்டபத்தில் தவிக்கும்போது ஆங்கிலத்தில் மனம் வெறுமையாகப் போகும். ‘மை மைன்ட் வென்ட் ப்ளேங்க்’. ‘காலம் ஓடிப்போச்சு’ என்பதற்கு ‘டைம் ஹேஸ் ஃப்ளோன்’, காலம் பறக்கிறது. ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ என்று சொன்னால் நேரம் முடியப்போகிறது, கெதியாகச் செய் என்ற எச்சரிக்கை. இரண்டையும் மாற்றிப்போட்டால் ஓய்வுபெறும் ஆசிரியருக்கு எழுதுகிற வாழ்த்தில் பொருத்தமில்லாத அவசரம் வந்துவிடும்.

உருவத்தையும் கவனியுங்கள். ரன், ரேன், ரன். கடந்தகாலம் ‘ரேன்’. ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ வந்தால் திரும்பவும் ‘ரன்’. ‘ஹேவ் ரேன்’ என்று எழுதுவது நான் திருத்துகிற கொப்பிகளில் ஓயாமல் வருகிறது.

எட்டாம் படி: சேர்த்து வைக்கும் முறை

கொப்பியில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று கோடு போட்டுப் பிரிக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு ஓட்டம் என்று வையுங்கள்: தண்ணீர்ப் பக்கம், இயந்திரப் பக்கம், நீளப்பொருள் பக்கம், ‘ஓட்டு’ப் பக்கம், ‘அவுட்’ பக்கம். எங்கே ஒரு ‘ரன்’னைப் பார்த்தாலும் முழு வாக்கியத்தையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பக்கத்திலும் சேராத வாக்கியம் வந்தால்தான் அகராதியைத் திறக்க வேண்டும்.

வாக்கியங்களுக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். தொலைபேசியின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினால் அதுவே தரும்: பற்றரி ‘ரன்னிங் லோ’, சேமிப்பிடம் ‘ரன்னிங் அவுட்’, பின்னணியில் செயலி ‘ரன்னிங்’. கிரிக்கெட்டை ஆங்கில வருணனையில் கேளுங்கள். ரயில் தாமத அறிவித்தலையும் வாகன விளம்பரத்தையும் வாசியுங்கள்.

அகராதி என்றால் மாணவருக்கான அகராதி. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் மூன்றும் இணையத்தில் இலவசம். ஒக்ஸ்போர்டிலும் லோங்மனிலும் ‘ரன்’ போன்ற நீண்ட பதிவுகளில் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் வழிகாட்டும் சிறு தலைப்புச் சொல் இருக்கும். முதலில் அந்தத் தலைப்புகளை மட்டும் வாசித்து, உங்கள் வாக்கியம் எதில் சேரும் என்று ஊகித்துவிட்டு, பிறகு உள்ளே போங்கள். முதலாவது பொருளை எடுத்துக்கொண்டு அகராதியை மூடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. அதனால்தான் அம்மா கடைக்கு ஓடுகிறார்.

சரி, இப்போது இதை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு ‘ரன்’னும் எந்தப் பக்கத்தில் சேரும் என்று விடையைப் பார்க்காமல் எழுதுங்கள்.

‘அவர் பஸ் வோஸ் ரன்னிங் லேட். நியர் களுவாஞ்சிகுடி வீ ரேன் இன்டு ஹெவி ரெயின். மை அங்கிள், ஹூ ரன்ஸ் எ ஸ்மோல் ஹொட்டெல் இன் கல்முனை, ஹேட் ரன் அவுட் ஒஃப் ரைஸ். ஹிஸ் சன் வோஸ் ரன்னிங் எ ஃபீவர். எ ட்ரெய்ன் ரன்ஸ் பிஹைன்ட் த ஹொட்டெல், பட் இட் வோஸ் ரன்னிங் ஓவர். இட் ஹேட் ரெயின்ட் ஃபோர் டேஸ் ரன்னிங்.’

விடைகள். பஸ் பிந்தியது, குணச்சொல் பக்கம். களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் பெருமழையில் மாட்டிக்கொண்டார்கள். எதிர்பாராத சந்திப்பின் இன்னொரு வடிவம், இங்கே சந்தித்தது மழை. மாமா சாப்பாட்டுக் கடை நடத்துகிறார், ‘ஓட்டு’ப் பக்கம். சோறு தீர்ந்துவிட்டது, ஆள் எழுவாய் என்பதால் ‘ஒஃப்’ இருக்கிறது, ‘ஹேட்’ இருப்பதால் ‘ரேன்’ என்று வராமல் ‘ரன்’ என்றே வந்திருக்கிறது. மகனுக்குக் காய்ச்சல். ஐந்தாவது வாக்கியத்தில் ‘ட்ரெய்ன்’ என்று தமிழ் எழுத்தில் பார்த்தால் ரயில் என்று எண்ணுவீர்கள். கல்முனையில் ரயில் பாதை கிடையாது, தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. அது வடிகான். ஆங்கிலத்தில் ரயிலுக்கு முதலெழுத்து ‘ரீ’ (t), வடிகானுக்கு ‘டீ’ (d); தமிழில் எழுதினால் இரண்டும் ‘ட்ரெய்ன்’ என்றே தெரியும். கடைக்குப் பின்னால் நீளமாகப் போகிறது, ஆகவே நீளப்பொருள் பக்கம். பிறகு நிரம்பி வழிந்தது, ‘ஓவர்’ பக்கம். கடைசி ‘ரன்னிங்’ புதிது, இதுவரை சொல்லாதது. நாள்களின் எண்ணிக்கைக்குப் பின்னால் தனியாக வந்தால் ‘தொடர்ந்து’ என்று பொருள்: நாலு நாள் விடாமல் மழை பெய்திருந்தது. அதற்கு ஒரு புதுப் பக்கம் திறவுங்கள்.